உருவும் பயனும்: சக்கரக்கால் பந்தயங்களை முன்வைத்து ஒரு மறுப்பு

கார்ட்டூன் படத்தில் யாரேனும் காலில் சக்கரம் பூட்டிக்கொண்டு வட்டப்பாதையில் ஓடினால் போதும், 'இது ரோலர் டெர்பி' என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. ஓடுபவர் பக்கத்தில் ஓடுபவரைத் தோளால் இடித்துவிட்டால் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது. டிஸ்னியின் 'ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்' தொடரில் 'கிராக் தட் விப்' என்றொரு பாகம் உண்டு. சிறுவர்களின் பாட்டி பெட்டி ஜோவும் அவருடைய பழைய போட்டியாளரான ஹில்டகார்டு பாட்டியும், பேரன் பேத்தி எடுத்த வயதில் மறுபடியும் சக்கரக்காலணி மாட்டிக்கொண்டு பந்தயத்தில் இறங்குவது அதன் கதை. தோழரின் கையைப் பற்றிச் சாட்டைபோலச் சுழற்றி முன்னே வீசும் உத்திக்கு ரோலர் டெர்பியில் 'விப்' என்று பெயர். பாகத்தின் தலைப்பே அதை நினைவூட்டுகிறது. பிறகென்ன? ஒற்றுமைப் பட்டியல் தயாராகிவிடுகிறது: வட்டப்பாதை, அணி, தலைக்கவசம், முழங்கால் பட்டை, இடி, சாட்டை வீச்சு. பட்டியல் முடிந்ததும் ஆராய்ச்சியும் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

இதற்கு நேரெதிரே இன்னொரு அணி நிற்கிறது. கார்ட்டூன் குழந்தைகளுக்கானது, ரோலர் டெர்பி அமெரிக்கர்களின் கூத்து, இவை இரண்டும் ஒத்திருந்தால் என்ன, ஒவ்வாதிருந்தால் என்ன, தமிழ் இலக்கியம் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்பது இவர்கள் கட்சி. முன்னவர்கள் எதையும் எதனோடும் ஒப்பிடுகிறவர்கள். பின்னவர்கள் தமக்கு உகந்த பொருள்களைத் தவிர வேறெதையும் ஒப்பிட மறுக்கிறவர்கள். இரு அணியாரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். ஒற்றுமை என்பது கண்ணுக்குத் தென்படுவது மட்டுமே என்று இருவருமே நம்புகிறார்கள்.

ஒற்றுமையை அளக்க நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே உவமை தோன்றும் வகைகளை நான்காகப் பகுத்துவிட்டார்: வினை, பயன், மெய், உரு. மெய் என்பது வடிவு, உரு என்பது நிறம் என்று உரையாசிரியர் விளக்குவர். கண்ணால் காண்பவை இவ்விரண்டே. ஒன்று என்ன செய்கிறது என்பது வினை. செய்து என்ன விளைகிறது என்பது பயன். இவ்விரண்டையும் அறியக் கண் போதாது. அந்தப் பொருளின் நடைமுறையை அறிந்திருக்க வேண்டும். வினையையும் பயனையும் முன்னே வைத்து மெய்யையும் உருவையும் பின்னே வைத்த அடுக்குமுறை தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. இந்த நான்கையும் கொண்டு சக்கரக்கால் பந்தயத்தை நிறுத்துப் பார்ப்போம்.

*

உருவையும் மெய்யையும் முதலில் எடுத்துக்கொள்வோம், அவைதாம் எளியவை. சக்கரத்தில் ஓடுகிறவர்கள் மோதிக்கொண்டு விழுவது திரைக்கு டெர்பி கற்றுக்கொடுத்த பாடமா? சார்லி சாப்ளினின் 'தி ரிங்க்' வெளிவந்தது 1916-இல். ஸ்கேட்டிங் அரங்கில் சாப்ளின் வழுக்குவதும், வயிற்றால் ஒருவரை முட்டித் தள்ளுவதும், கூட்டமே அவரைத் துரத்துவதும் அந்த ஊமைப்படத்திலேயே இருக்கின்றன. ரோலர் டெர்பி என்ற பெயரில் முதல் பந்தயம் நடந்தது 1935 ஆகஸ்ட் 13-இல், சிகாகோ கொலீசியத்தில். ஆக, மோதலும் விழுதலும் திரையில் டெர்பிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் மூத்தவை. பாப்பாய் தன் காதலி ஆலிவ் ஆயிலை ஸ்கேட்டிங் அழைத்துச் செல்லும் 'எ டேட் டு ஸ்கேட்' 1938-இல் வந்தது. ஆலிவ் கட்டிழந்து நகர வீதிகளில் உருண்டோடுகிறாள். அதில் டெர்பி எங்கே இருக்கிறது? சக்கரத்தின் மேல் ஏறிய மனித உடல் தன் கட்டுப்பாட்டை இழப்பதே போதுமான நகைச்சுவை. அதற்கு எந்த விளையாட்டின் உதவியும் தேவைப்படவில்லை.

ஆகவே, வடிவத்தை வைத்து 'அங்கிருந்து வந்தது' என்று மூலம் கற்பிப்பது வழுக்குத் தளத்தில் நின்றுகொண்டு வழக்காடுவது போன்றது. இந்த நோய் கார்ட்டூன் பார்ப்பவர்களுக்கு மட்டும் வந்ததன்று. தமிழில் ஒரு சிறுகதை வந்தால் அதற்கொரு ருஷ்ய மூலமும், ஒரு புதுக்கவிதை வந்தால் அதற்கொரு பிரெஞ்சு மூலமும் தேடித் தருகிற விமர்சகர்களை நாம் அறிவோம். இரண்டு படைப்புகளிலும் மழை பெய்கிறது, இரண்டிலும் ஒரு கிழவர் இறக்கிறார், எனவே இது அதன் நிழல் என்பார்கள். மழையும் மரணமும் எந்த நாட்டுக்கும் காப்புரிமை பெற்ற சரக்கல்ல என்பதை அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

*

இனி வினை. இங்கேதான் டெர்பி ஆர்வலர்கள் தங்கள் விளையாட்டையே மறந்துவிடுகிறார்கள்.

லியோ செல்ட்சர் 1935-இல் தொடங்கியபோது ரோலர் டெர்பி உண்மையிலேயே ஓட்டப்பந்தயமாகத்தான் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலம். நாள்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும் நடைப்போட்டிகளை நடத்திக் காசு பார்த்தவர் செல்ட்சர். அதையே சக்கரத்தின் மேல் ஏற்றினார். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இணைகள் சேர்ந்து, அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் தொலைவை அரங்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முடிக்க வேண்டும். களைத்து நெருங்கி ஓடுகிறவர்கள் இடித்துக்கொள்வதும் விழுவதும் இயல்பாக நேர்ந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது அப்போதுதான். 1930-களின் இறுதியில் டேமன் ரன்யன் என்ற எழுத்தாளர் இதைக் கவனித்து, இடியையே ஆட்டத்தின் மையமாக்கும்படி செல்ட்சருக்கு யோசனை சொன்னதாக டெர்பியின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அதன் பிறகு கோடு மறைந்து புள்ளிகள் வந்தன. யார் முதலில் முடித்தார் என்ற கேள்வி, யார் யாரைத் தாண்டினார் என்ற கேள்வியாக மாறியது.

இன்றைய டெர்பியின் நடைமுறை இது. ஓர் அணிக்கு ஐவர் களத்தில் இருப்பர். ஒருவர் 'ஜாமர்', தலைக்கவசத்தில் நட்சத்திரம் அணிந்தவர். மற்ற நால்வர் தடுப்போர். இரு அணிகளின் தடுப்போரும் ஒரு கொத்தாகச் சேர்ந்து நகர்வர். ஜாமர் அந்தக் கொத்தைப் பிளந்துகொண்டு ஒருமுறை வெளியேறிச் சுற்றி வந்து, மறுமுறை நுழைந்து எதிரணியார் ஒவ்வொருவரையும் தாண்டும்போது ஒரு புள்ளி பெறுகிறார். ஒரு சுற்று கூடினால் இரண்டு நிமிடம். முதலில் விதி பிறழாமல் கொத்தைக் கடந்த ஜாமர், தனக்குச் சாதகமான நேரத்தில் இடுப்பைத் தட்டிச் சுற்றை முடித்துவிடலாம். முழங்கையால் குத்துவது, காலை இடறுவது, முதுகில் இடிப்பது எல்லாம் குற்றம். தோளாலும் இடுப்பாலும் இடிப்பது கலை. இந்த ஆட்டத்தில் வெற்றிக்கோடு என்பதே கிடையாது.

கார்ட்டூன் பந்தயத்தில் இருப்பது வெற்றிக்கோடு ஒன்றுதான். பாட்டி முதலில் அதைத் தொடுவாரா மாட்டாரா என்பதுதான் கதையின் மூச்சு. கார்ட்டூன் உலகில் உடல் உடலோடு மோதுவதற்கு இரண்டே பொருள்கள் உண்டு: ஒன்று வில்லனின் சூழ்ச்சி, மற்றது சிரிப்பு. டெர்பியில் அதே மோதல் கற்றுத் தேர்ந்த திறமை. ஒன்றில் குற்றமாகவும் கேலியாகவும் நிற்பது மற்றொன்றில் இலக்கணமாகவே இருக்கிறது. வினையில் இவ்வளவு தொலைவு விலகி நிற்கும் இரண்டை, தலைக்கவசம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாட வைக்கலாமா?

கார்ட்டூன் பந்தயத்துக்கு உண்மை உலகில் உறவு வேண்டுமென்றால் அது வேறிடத்தில் இருக்கிறது, நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சக்கரக்கால் 3000 மீட்டர் தொடரோட்டம் நடந்தது. ஓடி வருகிறவர் அடுத்தவரைக் கையால் முன்னே உந்திவிடும் முறை அதில் உண்டு. டெர்பி ஆர்வலர்கள் மெச்சும் சாட்டை வீச்சுக்கு இது ஒன்றுவிட்ட உறவு. ஆடவர் ஓட்டத்தின் கடைசிக் கணத்தில் தென்கொரிய வீரர் வென்றுவிட்டதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். பின்னால் வந்த தைவான் வீரர் இடக்காலை நீட்டி 0.01 விநாடி வித்தியாசத்தில் கோட்டைத் தொட்டுத் தங்கத்தைப் பறித்துக்கொண்டார். எந்தக் கார்ட்டூன் எழுத்தாளரும் 'நம்ப மாட்டார்கள்' என்று அடித்துவிடக்கூடிய முடிவு. அதே ஓட்டத்தில் வெண்கலம் பெற்றது இந்திய அணி, அதில் ஓடியவர் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார். பெண்கள் தொடரோட்டத்திலும் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. ஆனந்த்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்று, இந்த விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். கார்ட்டூன் பாட்டியின் வினைக்கு மெய்யான உவமை வேண்டுவோர் பார்க்க வேண்டிய இடம் இது. டெர்பியைத் தேடி ஆஸ்டின் வரை போகவேண்டியதில்லை.

*

அப்படியானால் ரோலர் டெர்பிக்கு உறவே இல்லையா? இருக்கிறது. அது சடுகுடு.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். சடுகுடுவில் சக்கரம் இல்லை, தலைக்கவசம் இல்லை, வட்டப்பாதை இல்லை. மெய்யும் உருவும் எள்ளளவும் ஒவ்வா. ஆனால் வினையைப் பாருங்கள். ஒருவர் தனியாக எதிரணியின் கூட்டத்துக்குள் நுழைகிறார். அவரைத் தடுப்பது ஒன்றே அந்தக் கூட்டத்தின் தொழில். அவர் எத்தனை பேரைத் தொட்டு மீள்கிறாரோ அத்தனை புள்ளி. அங்கே தாண்டுதல், இங்கே தொடுதல். அங்கே இரண்டு நிமிடம், இங்கே முப்பது விநாடி. ஜாமர் போதும் என்று கண்டதும் இடுப்பைத் தட்டுகிறார். பாடிச் செல்பவர் போதும் என்று கண்டதும் நடுக்கோட்டுக்குத் திரும்புகிறார். இரண்டிலும் ஒருவர் பலரோடு மோதுகிறார், இரண்டிலும் பேராசை தோல்வியில் முடியும், இரண்டிலும் சேர்ந்து நிற்கும் தடுப்போரின் ஒற்றுமை தனிவீரரின் வேகத்தை வெல்லும். வேறுபாடு ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை: டெர்பியில் இரு அணி ஜாமர்களும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள், சடுகுடுவில் முறை மாறி மாறி வரும். மற்றபடி இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள். சடுகுடு ஆடிய ஒருவருக்கு டெர்பியின் விதிகளை விளக்கப் பத்து நிமிடம் போதும். கார்ட்டூன் மட்டுமே பார்த்தவருக்கு அரை நாள் ஆகும்.

எனில், இந்த உறவு ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? உவமைக்கு இன்னொரு மரபு உண்டு. பொருளைவிட உவமை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அது. முகத்துக்கு நிலவை உவமை சொல்வோம். நிலவைக் காட்டி 'இது ஒரு முகம்போல' என்று தொடங்குபவர் அரிது. நம் காலத்து ஒப்பீட்டுப் பழக்கத்தில் 'உயர்ந்தது' எது என்பது முன்பே முடிவாகிவிட்டிருக்கிறது. டெர்பி நிலவு, சடுகுடு முகம். 'சடுகுடு கொஞ்சம் ரோலர் டெர்பி போல' என்று ஒருவர் சொன்னால் நாம் பெருமையோடு தலையாட்டுவோம். 'ரோலர் டெர்பி கொஞ்சம் சடுகுடு போல' என்றால் 'என்ன ஐயா, ஊர்ப்பெருமையா?' என்று கேட்போம். இரண்டும் ஒரே வாக்கியம்தான், எழுவாய் மட்டும் இடம் மாறியிருக்கிறது. அந்த இடமாற்றத்தைப் பொறுக்க முடியாத மனத்தைத்தான் நான் குறை சொல்கிறேன். 2009-இல் ட்ரூ பேரிமோர் இயக்கிய 'விப் இட்' டெர்பி ஆடும் பெண்களைப் பற்றியது. அதே ஆண்டில் சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடிக்குழு' வந்தது. ஒரு கூட்டம் தன் உடம்பைக்கொண்டு தனக்கொரு பெயரைச் சம்பாதித்துக்கொள்ளும் கதை இரண்டிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையும் என் கண்ணில் படவில்லை. கார்ட்டூனுக்கும் டெர்பிக்கும் பட்டியல் போட ஆள் கிடைக்கிறார்கள்.

*

மீதமிருப்பது பயன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

ரோலர் டெர்பி விளைவித்த பயன் எது? கூச்சலும் கேளிக்கையும் என்று சொல்பவர்கள் பாதி உண்மை சொல்கிறார்கள். செல்ட்சரின் டெர்பி வணிகம்தான். பிற்காலத்தில் அது அரைகுறை நாடகமாகவும் சீரழிந்தது. 1973-இல் அவருடைய மகன் கடையைச் சாத்தினார். ஆனால், அந்த வணிகத்துக்குள்ளேயே ஒரு வியப்பு ஒளிந்திருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே விதியின் கீழ், ஒரே அளவு இடி வாங்கி ஆடினார்கள். பெண்ணுக்கென்று மென்மையாக்கப்பட்ட விதி கிடையாது. 2001-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பெண்கள் அதை மீட்டெடுத்தபோது அமைப்பாளர்களை நம்பாமல், ஆடுகிறவர்களே அணியை நடத்தும் முறையை உருவாக்கினார்கள். 2004-இல் அந்த அணிகள் ஒன்றுகூடிக் கூட்டமைப்பு கண்டன. பெண்ணின் உடல் இடிக்கலாம், இடிபடலாம், விழலாம், எழலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே டெர்பியின் பயன். டெர்பி பழகுபவர்களுக்கு முதலில் கற்றுத்தரும் பாடங்களுள் ஒன்று விழும் முறை: உடலைக் குறுக்கி, முழங்காலில் இறங்கி, பிறர் சக்கரம் ஏறிவிடாதபடி விரல்களை மடக்கிக்கொண்டு விழ வேண்டும். கார்ட்டூனில் விழுந்தவள் தட்டையாகி மறுகணம் ஊதிக்கொண்டு எழுவாள். அங்கே விழுவதைக் கற்க வேண்டியதில்லை, ஏனெனில் அங்கே உடம்பே இல்லை.

இந்தப் பயனுக்கு உவமை தேடினால் நான் கீரனூரை விட்டு வெகுதொலைவு போகவேண்டியதில்லை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்றுத்தரப்பட்டது. விவசாயக் கூலிகள், கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கேலிப்பேச்சுகளுக்கிடையே கற்றார்கள். 1992-இல் மகளிர் நாளை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் மிதிவண்டி ஊர்வலம் போனார்கள். பி. சாய்நாத் தம் நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். அதில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. பெண்களுக்கான வண்டிகள் போதாமல் பலரும் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், ஏனெனில் முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம்.

ரோலர் டெர்பியோடு இதற்கு மெய்யிலும் உருவிலும் என்ன ஒற்றுமை? சக்கரம் என்ற ஒரு சொல். வினையில்கூட அதிகமில்லை. பயனில் முழுமையாக ஒத்திருக்கிறது. தெருவில் ஒரு பெண் எவ்வளவு வேகமாகப் போகலாம், எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளலாம், எப்படி உட்காரலாம், எங்கே விழுந்து எழலாம் என்பதையெல்லாம் பிறர் தீர்மானித்த காலத்தை அவர்கள் தங்கள் காலால் மிதித்துக் கடந்தார்கள். டெர்பியின் ஆஸ்டின் மறுபிறப்புக்குப் பத்தாண்டு முன்பே நடந்தது இது. யாரும் இதற்கு மூலம் தேடவில்லை, நல்லவேளை.

*

இப்போது நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் சக்கரக்காலணி இன்று எந்த வடிவில் காணக் கிடைக்கிறது? பெரும்பாலும் 'உலக சாதனை' என்ற பெயரில். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது, வரிசையாக நிறுத்திய கார்களின் அடியில் உடலை மடக்கி நுழைந்து வெளியேறுவது, சக்கரத்தில் சுற்றிக்கொண்டே சிலம்பம் வீசுவது. ஆறு வயதுக் குழந்தை இதைச் செய்யும். மேடையில் பொன்னாடை, கையில் சட்டமிட்ட சான்றிதழ், மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் படம். குழந்தையின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதில் எதிராளி யார்? தோழி யார்? தோற்பது எப்படி, தோற்றபின் கைகுலுக்குவது எப்படி என்று அந்தக் குழந்தை எங்கே கற்கும்? எதிராளியில்லாத போட்டியில் தோல்வி கிடையாது. தோல்வி இல்லாத இடத்தில் விளையாட்டும் கிடையாது. கார்ட்டூனில் உடம்பு இல்லை என்றேன். இங்கே உடம்பு உண்டு, அதற்குச் சொந்தக்காரர்தான் இல்லை. அது பெற்றோரின் பெருமைக்கும் சான்றிதழ் அச்சடிப்பவரின் வரும்படிக்கும் உரியதாகிவிட்டது.

அதே குழந்தை பெண்ணாக இருந்து, பூப்பெய்தி, பத்தாம் வகுப்புக்கு வரட்டும். சக்கரக்காலணி பரணுக்குப் போய்விடும். பள்ளியின் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் கொடுக்கப்பட்டுத் திரும்பிவராது. 'அடிபட்டுத் தழும்பாகிவிட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள்?' என்ற கேள்வி வீட்டில் எழும். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவேயுள்ள இந்த ஊரிலிருந்து இரு திசைகளிலும் கல்லூரிக்குப் பேருந்தேறும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்புவரை ஓடியவர்கள் பலர் இருப்பார்கள். இன்றும் ஓடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திறமைக் குறைவு காரணமில்லை என்பதற்குச் சான்றுகள் நிறையவே உண்டு. ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி 2010-இல் சேர்க்கப்பட்டது. அதன்பின் நடந்த நான்கு போட்டிகளில் மூன்றில் தங்கம் இந்தியப் பெண்களுக்கே. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற சிறுமியர் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். நகரத்தின் மையத்திலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட பகுதி அது. ஆனால் ஆண்களின் கபடி லீக் 2014 முதல் தொலைக்காட்சியில் கொழிக்க, பெண்களுக்கென 2016-இல் மூன்று அணிகளோடு நடத்தப்பட்ட போட்டி அந்த ஓராண்டோடு நின்றுபோனது. டெர்பிக்கும் சடுகுடுவுக்கும் வினையில் இவ்வளவு ஒற்றுமை இருந்தும் பயனில் ஏன் வேறுபாடு என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. டெர்பியை ஆடுகிறவர்கள் நடத்துகிறார்கள். சடுகுடுவை மற்றவர்கள் நடத்துகிறார்கள்.

*

எதிர்வாதங்களை அறிவேன். 'விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கக்கூடாதா, பாட்டி விழுந்தால் சிரித்துவிட்டுப் போகக்கூடாதா?' என்பார்கள். தாராளமாகச் சிரிக்கலாம், நானும் சிரிக்கிறேன். சிரிப்பைப் பற்றி எனக்குப் புகாரில்லை. சிரித்து முடித்ததும் 'இதுதான் டெர்பி' என்று பாடம் எடுக்க வரும்போதுதான் புகார் தொடங்குகிறது. டெர்பி ஆடும் பெண்கள் பல்லாண்டுகள் போராடிப் பெற்றது தங்கள் மோதலைக் கேலியாகப் பார்க்காத கண்களை. கார்ட்டூன் ஒற்றுமை அவர்களை மறுபடியும் கேலிக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

'கீரனூர் சாலையில் சக்கரக்காலணி போட்டால் கணுக்கால் முறியும், இங்கே டெர்பி எதற்கு?' என்றும் கேட்கலாம். டெர்பியை இங்கே கொண்டுவரச் சொல்லி நான் எழுதவில்லை. இங்கே இருப்பதைப் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன். மண்தரை இருக்கிறது, சுண்ணாம்புக் கோடு போதும், பதினான்கு பெண்கள் போதும். மாலை ஐந்து மணிக்குமேல் அந்தப் பெண்கள் அங்கே இருக்கலாம் என்ற ஊராரின் சம்மதமும், பள்ளி நேரத்தில் பறிக்கப்படாத ஒரு பாடவேளையும், விழுந்தால் மருந்துபோட்டு மறுபடி அனுப்பும் ஒரு வீடும் வேண்டும். சக்கரத்தைவிட இவை விலை அதிகமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

'இலக்கியவாதிக்கு இதில் என்ன வேலை?' என்ற கேள்விக்கும் ஒரு சொல். எதை எதனோடு ஒப்பிடுவது என்பதைத் தீர்மானிப்பதே இலக்கியவாதியின் முதல் வேலை. அந்த வேலையில் அவன் சோம்பினால் ஒரு தலைமுறை தன் ஊர்த் திடலில் நடப்பதைப் பார்க்காமல், திரையில் உருள்வதற்குப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கும். மெய்யும் உருவும் காட்டும் ஒற்றுமையைக் குழந்தையும் கண்டுகொள்ளும். வினையையும் பயனையும் காணப் படிப்பு வேண்டும், கொஞ்சம் மனச்சாட்சியும் வேண்டும்.

கார்ட்டூன் பாட்டி எத்தனை வயதிலும் ஓடலாம், அவளை வரைகிற பென்சிலுக்கு ஆட்சேபம் இல்லை. 1992-இல் புதுக்கோட்டை வீதியில் ஆண்கள் வண்டியின் முன்கம்பியில் குழந்தையை வைத்து மிதித்த பெண்களும் இன்று பாட்டிகளாகியிருப்பார்கள். ஒற்றுமைப் பட்டியல் தயாரிப்பவர்கள் அவர்களிடம் போய்த் தொடங்கட்டும். பேத்தியைத் திடலுக்கு அனுப்புவாரா என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வரட்டும். பட்டியலின் மற்ற வரிகளைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.